பங்களா நாய்க்கு வைத்த பால்கட்டி

நம் வயதுக்காரர்களுக்கு அந்த வருடத்தைப் பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை. கூப்பன் கடையில் மாவு இல்லாமல் போன வருடம் என்றால் போதும். தேயிலைத் தோட்டத்தில் யார் வீட்டுக்குள் போனாலும் ஒரு கதை இருக்கும். மரவள்ளிக் கிழங்குக்கு அண்ணன் தம்பி அடித்துக்கொண்ட கதை, கண்ட கீரையைத் தின்று வயிறு போன கதை, பேர் வைக்கும் முன்னே புதைத்த பிள்ளையின் கதை. எங்கள் வீட்டுக் கதையில் ஒரு நாயும் வருகிறது. அதனாலேயே அதை நாங்கள் வெளியே சொன்னதில்லை.

எங்கள் தோட்டம் பெரகல சந்திக்கு மேலே இருந்தது. நீங்கள் அந்தப் பக்கம் போயிருந்தால் காற்றை அறிவீர்கள். லயத்து வரிசை வீடுகளின் கூரைத் தகரத்தின் மேல் கல் வைத்திருப்போம். ஆடி மாதத்தில் கல்லோடு தகரமும் ஆடும். பனி இறங்கினால் பக்கத்து வாசலில் நிற்பவரின் குரல் மட்டும்தான் வரும். அந்த வருடம் குரல்களும் குறைந்துவிட்டன. பிள்ளைகள் விளையாடாமல் சுவரில் சாய்ந்து உட்கார்ந்திருந்தோம். அதைப் பெரியவர்கள் "புள்ளைங்க அடங்கியிருச்சுங்க" என்று சொன்னார்கள்.

அப்பா பங்களா மாட்டுக்காரர். தோட்ட நிர்வாகியான துரை வீட்டுப் பசுக்களைக் கறப்பது, புல் அறுப்பது, தொழுவம் கழுவுவது அவர் வேலை. அதோடு நாயையும் அவர்தான் பார்த்துக்கொண்டார். மேஜர் என்று பேர். தவிட்டு நிறத்தில் ஆள் உயரம் எழும்பக்கூடிய நாய். ஆனால் அப்போதே கிழடு, பல் தேய்ந்துபோயிருந்தது. துரைசாணிக்கு, அதாவது துரையின் மனைவிக்கு, அதன்மேல் உயிர். எலும்பைக் கடிக்க முடியாமல் அது முனகுவதைப் பார்க்கச் சகிக்காமல், தினமும் காலையில் அதற்குப் புதுப் பால்கட்டி கொடுக்கச் சொல்லியிருந்தார்.

பங்களாவில் அதற்குச் சீஸ் என்று பேர். நாங்கள் பால்கட்டி என்போம். சமையல்காரர் பாலைக் கொதிக்க வைத்து எலுமிச்சம்பழம் பிழிவார். பால் திரிந்ததும் வெள்ளைத் துணியில் ஊற்றி முடிந்து ஜன்னலோர ஆணியில் தொங்க விடுவார். கீழே நீலக் கரை வைத்த எனாமல் பாத்திரத்தில் இளம்பச்சையாகத் தண்ணீர் சொட்டும். அப்பாவுக்குத் தேநீர்த் தூக்கு கொண்டுபோகும் நாட்களில் அந்தச் சொட்டுச் சத்தத்தைக் கேட்டுக்கொண்டு பின்வாசலில் நிற்பேன். பால்கட்டிக்கு வாசமே கிடையாது என்று இப்போது சொல்கிறார்கள். பசித்தவர்களுக்கு உண்டு.

ஒரு நாள் வேலை முடிந்து வந்த அப்பா, இடுப்பு மடிப்பிலிருந்து ஒரு கல்யாண முருங்கை இலையை எடுத்தார். உள்ளே வெள்ளையாக ஒரு துண்டு.

"மேஜருக்குப் பாதி வச்சிட்டேன். மீதிய இவனுக்குக் குடு" என்றார்.

இவன் என்றது என் தம்பியை. மூன்று வயது. பேச்சு வந்து, பிறகு நின்றுபோயிருந்தது.

அம்மா இலையைத் தொடவில்லை. "நாய் சோத்துலயாங்க கை வச்சீங்க?"

"நாய்க்குச் சோறும் இருக்கு, எலும்புத் தண்ணியும் இருக்கு. இவனுக்கு என்னா இருக்கு?"

அப்பா தினமும் பசு கறப்பவர்தான். ஆனால் பாலுக்கு அளவு உண்டு. சமையல்காரர் பார்த்து வாங்குவார். நாய்க்கென்று கையில் கொடுக்கும் அந்தத் துண்டைத்தான் யாரும் பிறகு கேட்பதில்லை. அம்மா கொஞ்ச நேரம் தம்பியின் முகத்தைப் பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு கிள்ளி அவன் வாயில் வைத்தாள். அவன் மெல்லவில்லை. கன்னத்தில் அடக்கி வைத்துக்கொண்டான். எனக்கு இலை கிடைத்தது. நக்கியபோது கசப்பும் பாலுமாக இருந்தது.

மறுநாள் காலை அப்பா புறப்படும்போது அம்மா ஒரு ரொட்டியைத் துணியில் சுற்றிக் கொடுத்தாள்.

"வாயில்லா சீவன் பங்க எடுத்துட்டு சும்மா இருக்க முடியாதுங்க. இத அதுக்குப் போடுங்க."

அது லீக்ஸ் ரொட்டி. வெலிமடைப் பக்கமிருந்து மரக்கறி லொறிகள் பெரகல சந்தியில் நின்று போகும். டிரைவர் தேநீர் குடிக்கும் நேரத்தில் கிளீனர்கள், பெரிய வெங்காயத்தாள் போலிருக்கும் லீக்ஸின் வாடிய இலைகளைக் கத்தியால் சீவித் தள்ளுவார்கள். மலையில் அன்றைய கொழுந்து பறித்து முடிந்த பிறகு அம்மா சாக்கோடு கீழே இறங்குவாள், நானும் போவேன். சேற்றில் மிதிபட்டதை விட்டு மற்றதைப் பொறுக்குவோம். எங்களைப் போலப் பொறுக்க வேறு பெண்களும் வந்திருப்பார்கள். ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்க மாட்டோம். அந்த இலையை நறுக்கி, துருவிய மரவள்ளிக் கிழங்கோடு பிசைந்து தட்டினால் எங்கள் சாப்பாடு. வீடு, பாய், அம்மாவின் தலைமுடி எல்லாவற்றிலும் அந்த வாடை. இன்றும் சந்தையில் லீக்ஸ் கட்டைத் தாண்டிப் போகும்போது எனக்கு அம்மாவின் கழுத்து ஞாபகம் வருகிறது.

நாய்க்கு என்று அம்மா தனியாகத் தட்டினாள். குருத்து இலையாகப் பார்த்து எடுத்தாள். எங்கள் ரொட்டியைவிட அது தடிப்பாக இருக்கும். அப்பா அதைப் பிய்த்து எலும்புத் தண்ணீரில் ஊறப் போட்டு வைப்பார். சாயங்காலம் வந்ததும் அம்மாவின் முதல் கேள்வி அதுதான்.

"தின்னுச்சா?"

"ஒரு வாய் மிச்சம் வைக்கல."

அம்மாவின் முகம் தெளியும். கணக்கு நேராகிவிட்டது என்ற தெளிவு. அந்தப் பருவத்தில் அவளை அப்படிப் பார்த்தது அந்த ஒரு நேரத்தில் மட்டும்தான்.

இப்படிப் பல வாரங்கள் போயின. தம்பிக்குக் கன்னம் உப்பியது. காலும் உப்பியது. தலைமுடி கறுப்பு மாறிச் செம்பட்டையாக வந்தது. அடுத்த வீட்டு அத்தை அவனைத் தூக்கி வைத்துக்கொண்டு, "என்னாத்த குடுக்குற இவனுக்கு? சதை போட்டுட்டானே. முடியெல்லாம் துரை வீட்டுப் புள்ளயாட்டம் ஆயிருச்சு" என்றாள். அம்மா சிரித்தாள். அவனைக் கீழே இறக்கி விட்டபோது அவன் காலில் அத்தையின் கட்டைவிரல் பதிந்த குழி அப்படியே இருந்தது. நான் அதைத் தடவிப் பார்த்தேன். குழி நிரம்ப நேரம் எடுத்தது. அது எனக்கு வேடிக்கையாக இருந்தது.

பிறகு மேஜர் படுத்துக்கொண்டது.

"எந்திரிக்க மாட்டேங்குது" என்றார் அப்பா. "ஈறெல்லாம் வெளுத்துக் கெடக்கு. மூத்திரம் செவப்பா, சாயத் தண்ணி மாதிரி போகுது."

"பலம் இல்லாமப் போயிருச்சோ என்னமோ" என்றாள் அம்மா. மறுநாளிலிருந்து துணியில் இரண்டு ரொட்டி சுற்றிக் கொடுத்தாள்.

பண்டாரவளையிலிருந்து மிருக வைத்தியரை வரவழைத்தார்கள். அப்பாதான் நாயைப் பிடித்துக்கொண்டு நின்றார். அன்று சாயங்காலம் அவர் வாசலிலேயே உட்கார்ந்துவிட்டார், காலைக்கூடக் கழுவவில்லை.

"என்னா சொன்னாரு?" என்று அம்மா கேட்டாள்.

"என்னென்ன திங்குதுன்னு கேட்டாரு. சமையல்காரரு சொன்னாரு, சோறு, எலும்புத் தண்ணி, தெனமும் பால்கட்டின்னு. பால்கட்டிதான் கெடுத்திருக்குன்னு சொல்லிட்டாரு. நாய் வயித்துக்கு அது வெசம் மாதிரியாம். ஈரல அரிச்சிருச்சாம்."

"வேற ஒண்ணும் கேக்கலியா?"

"என்னையப் பாத்து, வேற எதாச்சும் குடுத்தியான்னு கேட்டாரு." அப்பா தரையைப் பார்த்தார். "வேற ஒண்ணும் இல்லீங்க சார்னு சொல்லிட்டேன். ரொட்டி குடுத்தேன்னு சொன்னா, எதுக்குக் குடுத்தேன்னு கேப்பாங்கல்ல."

பழக்கத்தில் அப்பா வந்ததும் நீட்டிவிட்ட அன்றைய பால்கட்டி அதற்கு முன்பே தம்பியின் கையில் இருந்தது. பாதி வாயில், பாதி கையில். அம்மா திரும்பினாள். அவள் அவ்வளவு வேகமாக நகர்ந்து நான் பார்த்ததில்லை. அவன் விரல்களை ஒவ்வொன்றாகப் பிரித்தாள். அவன் இறுக்கிப் பிடித்துக்கொண்டான்; அந்தக் கைக்கு அவ்வளவு பலம் எங்கிருந்து வந்ததோ. பிறகு அவன் வாய்க்குள் விரலை விட்டு, கன்னத்தில் அடக்கியிருந்ததைத் தோண்டி எடுத்து, எல்லாவற்றையும் அடுப்பில் போட்டாள். பால் கருகும் வாடை வீடு முழுக்க நின்றது. தம்பி அழுதான். கண்ணீர் இல்லாத அழுகை. பூனைக்குட்டி மாதிரி ஒரு சத்தம். அடுப்பைப் பார்த்துக் கையை நீட்டிக்கொண்டே இருந்தான்.

மேஜர் அந்த வாரமே செத்தது. பங்களாத் தோட்டத்துச் சைப்ரஸ் மரத்தடியில் அப்பா குழி வெட்டினார். துரைசாணி பனியில் குடையில்லாமல் நின்றதாகச் சொன்னார். இனிமேல் இந்த வீட்டில் சீஸ் செய்யக் கூடாது என்று சமையல்காரருக்கு உத்தரவு வந்தது. ஜன்னலோரம் அந்தத் துணி பிறகு தொங்கவில்லை.

தம்பிக்கு வயிறு போகத் தொடங்கியது. உப்பியிருந்த முகம் வற்றி, தோல் மட்டும் தொங்கியது. மேஜரைப் புதைத்த மண் காய்வதற்குள் அப்பா இன்னொரு குழி வெட்டினார், இது தேயிலை மலைக்குக் கீழே, ஆற்றோரம். திரும்பி வரும் வழியில் அம்மா ஒரே ஒரு தடவை சொன்னாள்: "நாயக் கொன்னதுதான் இவனையும் கொன்னுச்சு. நம்ம கையாலயே குடுத்தோம்." அவர் சாகும்வரை அவர்கள் இருவரும் அதைப் பற்றிப் பேசி நான் கேட்டதில்லை.

அதன் பிறகு அம்மா பால் குடிக்கவில்லை. தயிர் தொடவில்லை. கோயிலில் அபிஷேகப் பாலை உள்ளங்கையில் வாங்கி, யாரும் பார்க்காதபோது செடியில் ஊற்றிவிடுவாள். நாய் எதிரே வந்தால் பாதையை விட்டு இறங்கி நின்று, அது போன பிறகுதான் நடப்பாள். அடிப்பதுமில்லை, விரட்டுவதுமில்லை. கடன்காரரைக் கண்டது போல ஒதுங்கி நிற்பாள்.

நான் வளர்ந்து, தோட்டத்துப் பிள்ளைக் காம்பராவில் வேலைக்குச் சேர்ந்தேன். கொழுந்துக்குப் போகும் தாய்மார்களின் பிள்ளைகளைப் பார்த்துக்கொள்ளும் வேலை. எங்களுக்குப் பயிற்சி கொடுத்தார்கள். ஒரு நாள் சுவரில் ஒரு படத்தை மாட்டினார்கள். உப்பிய கன்னம், உப்பிய கால், செம்பட்டை முடி, யாரையும் பார்க்காத கண். படத்தில் உட்கார்ந்திருந்தது என் தம்பி. சொல்லிக்கொடுத்த அம்மணி அதைச் சதை அல்ல, சத்தில்லாமல் வரும் வீக்கம் என்றார். பார்ப்பவர்கள் கொழுகொழுவென்று இருப்பதாக ஏமாந்துபோவார்கள் என்றார்.

அன்று வீட்டுக்கு ஓடி வந்து அம்மாவிடம் சொன்னேன்.

"அது பசி வீக்கம்மா. பால்கட்டியால இல்ல. அவன் பசியில செத்தான்."

அம்மா கேட்டுக்கொண்டிருந்துவிட்டு, "அப்ப அந்த நாய் ஏன் செத்துச்சு?" என்றாள்.

"அது கெழட்டு நாய்தானே."

"மூத்திரம் செவப்பாப் போச்சே. கெழடானா அப்படிப் போகுமா?"

எனக்குப் பதில் தெரியவில்லை. எத்தனையோ வருடங்கள் இதே பேச்சு. என் கல்யாணத்துக்குப் பிறகும், என் பிள்ளை பிறந்தபோதும், அதற்கு நான் பால் புகட்டுவதைப் பார்க்க மாட்டாமல் அவள் எழுந்து வெளியே போனபோதும். நான் படித்ததையெல்லாம் சொல்வேன். கடைசியில் அவள் அந்த ஒரு கேள்வியைக் கேட்பாள்.

இப்போது அம்மா, நான், என் மகள் மூன்று பேரும் பதுளையில் மகள் எடுத்திருக்கும் வாடகை வீட்டில் இருக்கிறோம். அம்மாவுக்கு எண்பது தாண்டிவிட்டது. யாராவது கை கொடுத்தால்தான் எழுந்து நிற்பாள். மகள் ஒரு சின்ன நாய் வளர்க்கிறாள். அம்மா அதன் பக்கம் திரும்புவதில்லை; அதுவும் அவளிடம் போவதில்லை.

இந்த வருடம் ஒரு ஞாயிற்றுக்கிழமை மகள் வீட்டிலேயே பனீர் செய்தாள். பால் திரித்து, துணியில் முடிந்து, குழாயில் தொங்க விட்டாள். நான் முற்றத்தில் துணி காயப்போட்டுக்கொண்டிருந்தேன். அவள் ஒரு துண்டைக் கிள்ளி நாயின் வாயில் கொடுத்ததை அம்மா நாற்காலியிலிருந்து பார்த்திருக்கிறாள். சத்தம் கேட்டு நான் உள்ளே வந்தபோது அம்மா சமையலறையில் இருந்தாள். கை கொடுக்க யாரும் இல்லாமல் எழுந்து நடந்து போயிருக்கிறாள். தரையில் மண்டியிட்டு, நாயின் தாடையைப் பிடித்து, அதன் வாய்க்குள் விரலை விட்டுத் தோண்டிக்கொண்டிருந்தாள். நாய் பயத்தில் கடிக்கக்கூட மறந்து நின்றது.

"அம்மாயி, என்னா பண்றீங்க?" என்றாள் மகள்.

"குடுக்காத. செத்துப்போகும்" என்றாள் அம்மா.

அந்த வாரம் நாய்க்கு ஊசி போட வேண்டியிருந்தது. மகளோடு நானும் போனேன். டாக்டர் இளம் பெண். சிங்களவர், தமிழ் நன்றாகவே பேசினார். ஊசி போட்டு முடிந்ததும் நான் கேட்டேன்.

"நாய்க்குப் புதுப் பால்கட்டி குடுக்கலாங்களா?"

"உப்பு, மசாலா இல்லாததுன்னா கொஞ்சம் குடுக்கலாம். சில நாய்க்குப் பால் ஒத்துக்காது, வயிறு போகும். அப்படின்னா நிப்பாட்டிருங்க. நெறய குடுக்காதீங்க, கொழுப்பு. ஆனா வெங்காயம், பூண்டு போட்ட சீஸ் கடைக்கு வருது, அது மட்டும் வேணாம்."

"அது ஏங்க?"

"வெங்காயம், பூண்டு, லீக்ஸ், இதெல்லாம் நாய்க்கு நஞ்சு. பச்சையோ சமைச்சதோ ரெண்டும் ஒண்ணுதான். ஒரு தடவைல தெரியாமப் போகலாம். தெனமும் குடுத்தா ரத்தம் ஒடைஞ்சிரும்."

என் மகள் நாயைத் தூக்கிக்கொண்டு வாசலுக்குப் போய்விட்டாள். நான் எழுந்திருக்கவில்லை.

"மூத்திரம் எப்படிங்க போகும்?"

டாக்டர் என்னைப் பார்த்தார். "செவப்பா, சாயத் தண்ணி மாதிரி. ஈறு வெளுத்துரும். ஏன், எதாவது குடுத்துட்டீங்களா?"

"இல்லீங்க" என்றேன்.

பஸ்ஸில் வரும்போது எனக்குச் சந்தோஷமாக இருந்தது, உண்மையைச் சொல்கிறேன். இத்தனை வருடம் பதில் இல்லாத கேள்விக்குப் பதில் கிடைத்துவிட்டது. பிறகுதான் உறைத்தது: பதிலைச் சொல்ல வேண்டுமென்றால், குருத்து இலையாகப் பார்த்துத் தட்டிய ரொட்டியைச் சொல்ல வேண்டும். சில நாள் சொல்லாமல் வைத்திருந்தேன். அம்மாவுக்கு எந்தச் சாவு பாரம் என்று எடை போட்டுப் பார்த்தேன். மகனின் சாவிலிருந்து விடுபட நாயின் சாவை ஏற்றுக்கொள்ளலாம் என்று தோன்றியது. உங்களுக்கும் அப்படித்தான் தோன்றியிருக்கும்.

ஒரு காலையில் அவளை வெயிலில் உட்கார வைத்துத் தலை வாரிக்கொண்டே சொன்னேன்.

"அம்மா, அந்த நாய் பால்கட்டியில சாகல. லீக்ஸுல செத்துச்சு. நாய்க்கு லீக்ஸ் ஆகாதாம். டாக்டரு சொன்னாங்க. மூத்திரம் செவப்பாப் போறது அதுக்குத்தானாம்."

அம்மா மடியில் விழுந்த முடியை எடுத்து விரலில் சுற்றினாள். "நல்ல எலையாப் பாத்துத்தானே போட்டேன்" என்றாள்.

"ஒனக்கு எப்படித் தெரியும்? யாருக்குமே தெரியல. அப்பாவும் சொல்லல."

"நோயாப் படுத்தப்ப ரெண்டு குடுத்தேன்."

"தெரிஞ்சா குடுத்த?"

அவள் தலை என் சீப்புக்குக் கீழே மெதுவாக ஆடியது. "அப்ப பால்கட்டி?"

"அதுல ஒண்ணுமே இல்லம்மா. நாயையும் ஒண்ணும் பண்ணல, தம்பியையும் ஒண்ணும் பண்ணல. அது நல்ல சாப்பாடும்மா." அவள் மனம் குளிரட்டும் என்று மேலும் சொன்னேன். "அவன் ஒடம்புக்கு அதுதான் தேவைப்பட்டுச்சு."

சொல்லி முடித்த பிறகுதான் என் காதில் அது விழுந்தது. இத்தனை வருடமும் நாயைப் பற்றியே யோசித்திருந்த நான், அடுப்பில் போன அந்தத் துண்டைப் பற்றி அதுவரை யோசிக்கவில்லை.

அம்மா தன் வலது கையைத் திருப்பிப் பார்த்தாள்.

"தோண்டி எடுத்தேனே" என்றாள்.

நான் சீப்பைக் கீழே வைத்துவிட்டேன். அவள் அழவில்லை. என்னைத் திட்டவும் இல்லை. அதன் பிறகு சில நாள் கூப்பிட்டால் மட்டும் திரும்பிப் பார்த்தாள். கொடுத்ததைச் சாப்பிட்டாள், பாதியில் நிறுத்திவிட்டுத் தட்டையே பார்த்துக்கொண்டிருந்தாள். மகள் டாக்டரிடம் காட்டலாமா என்றாள். என்னவென்று சொல்லிக் காட்டுவது?

பிறகு ஒரு பிற்பகல், நான் அவள் காலுக்கு எண்ணெய் தேய்த்துக்கொண்டிருந்தபோது அவளாகவே பேசினாள்.

"நீ பக்கத்துல இருந்தல்ல. அவன் போறப்ப பசியோடதான் போனானா?"

இதைத்தான் நான் என் இளவயதிலிருந்து அவளிடம் திருப்பித் திருப்பிச் சொல்லி வந்தேன். பசிதான் என்று, படத்தைக் காட்டி, புத்தகத்தைக் காட்டி. அவள் ஒரு தடவையும் நம்பாத அந்தப் பதில் என் நாக்கிலேயே இருந்தது.

"இல்லம்மா" என்றேன். "அன்னைக்குக் காலைல நீ அரிசிக் கஞ்சி வச்ச. அவன் ரெண்டு வாய் குடிச்சான்."

அந்த வாரம் வீட்டில் ஒரு பிடி அரிசி இருக்கவில்லை. அது எனக்குத் தெரியும், அவளுக்கும் தெரியும். அம்மா என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். எண்ணெய்க் கையோடு நான் அவள் பாதத்தைப் பிடித்துக்கொண்டிருந்தேன்.

"ஆமா" என்றாள் அம்மா. "ஆற வச்சுத்தான் குடுத்தேன்."